பூசை அலமாரிக்குக் கீழே சார்ஜர்

என் வாழ்நாளின் பெரும்பகுதியை நெருப்பைப் புகழ்ந்து பாடியே கழித்திருக்கிறேன். கையில் அனல் ஏந்தியவன், நெற்றியில் தீயை வைத்தவன், மூன்று கோட்டைகளைச் சிரிப்பினாலேயே சாம்பலாக்கியவன் என்று ஓதி ஓதிப் பழகிய நாக்கு இது. அந்தக் கோட்டைகள் எரிந்த தலம் என்று சொல்லப்படும் திருவதிகைக்குப் பிரதோஷந்தோறும் சென்று, மண்டபத்தில் எங்கள் மாதர் குழுவோடு அமர்ந்து பதிகம் ஓதுகிறேன். சுரங்க நகரியப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இப்போது மிஞ்சியிருக்கும் கடமை அது ஒன்றே. அப்படிப்பட்ட நான், எங்கள் வீட்டுக் கூடத்தில், பூசை அலமாரிக்குக் கீழே இருந்த ஒரு சார்ஜரைக் கண்டு மாதக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்பு எலும்பில் அறுவை நடந்த பிறகு என்னால் பேருந்துப் படி ஏற முடியவில்லை. என் கணவர் தம் பழைய ஸ்கூட்டருக்கு இருபுறமும் துணைச் சக்கரம் பொருத்தி, என்னைப் பின்னால் அமர்த்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். ஒரு கோடையில் அதன் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. விற்றுவிடலாம் என்றாள் மகள். அவர் கேட்கவில்லை. எஞ்சினைக் கழற்றிப் போட்டார்; பின்சக்கரத்தில் மின்மோட்டார் வைத்தார்; இருக்கைக்கு அடியில் ஒரு லித்தியம் பேட்டரிப் பெட்டிக்கு இடம் செய்தார். எல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நடந்தது. குவார்ட்டர்ஸ் என்றால் இப்போது மகளுடையது. சுரங்க அலுவலகத்தில் அவள் நிரந்தரப் பணியாளர்; நாங்கள் இருவரும் அவளோடு இருக்கிறோம்.

அவர் பேட்டரி அறிந்த மனிதர்தாம். பணிக்காலம் முழுவதும் அனல்மின் நிலையத்தின் பேட்டரி அறையில் இருந்தார். மின்சாரத்தை உண்டாக்குகிற இடத்திலேயே மின்சாரம் நின்றுபோகும் வேளை வரலாம். அப்போது இயந்திரங்களின் எண்ணெய்ப் பம்புகளும் காப்பு விளக்குகளும் ஓயாமல் இருக்க வேண்டும். அதற்காக அமிலம் நிரம்பிய பேட்டரிகளை அறை முழுக்க வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அவற்றுக்கு நீர் ஊற்றி, அடர்த்தி பார்த்து, ஒரு நொடியும் சார்ஜ் இறங்காமல் காத்து வந்தவர் அவர். அந்த அறையின் ஆவி அவருடைய மூக்கைத் தின்றுவிட்டது. பால் பொங்கி அடிப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. சாம்பிராணி போட்டிருக்கிறேனா என்பதைப் புகையைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வார்.

என் அச்சம் முழுவதும் அங்கேதான் வேர்கொண்டிருந்தது. இந்த வீட்டில் ஏதேனும் கருகினால் அதை முகர்ந்து அறிய இருவரே உண்டு. அவர்களில் மகள் பாதி நாள் ஷிப்டுக்குப் போய்விடுவாள். மிஞ்சுவது நான் மட்டும்.

பேட்டரிப் பெட்டி குறிஞ்சிப்பாடிக் கடையொன்றில் கட்டப்பட்டது. சார்ஜரை மட்டும் அவர் அங்கே வாங்கவில்லை. தமக்குத் தெரிந்த, மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுபவரிடம் சொல்லி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். இரும்புப் பெட்டி, உள்ளே செம்புக் கம்பி சுற்றிய பெரிய உருளை, முகப்பில் ஊசி ஆடும் ஒரு மீட்டர், திருகுவதற்கு ஒரு குமிழ். இரண்டு கையாலும் தூக்கி வந்து, கூடத்தில் பெரிய பிளக் இருக்கும் ஒரே இடமான பூசை அலமாரிக்குக் கீழே வைத்தார். சுவிட்சைப் போட்டதும் அது உம்மென்று முனகத் தொடங்கியது. அவர் முகம் மலர்ந்தது. பணி ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு நிறைவை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

"எப்ப நிக்கும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு நிக்கணும்?" என்றார்.

இதை வெளியூரார் புரிந்துகொள்வது கடினம். நகரியத்தில் வளர்ந்த வீடுகளில் சுவிட்சை அணைக்கும் பழக்கம் குறைவு. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றும். வாசல் விளக்கு பகலிலும் எரியும். மின்சாரம் எங்கள் முற்றத்துக்கு அப்பாலேயே பிறக்கிறது, அதற்குக் குறைவென்ன என்ற எண்ணம் எல்லாருடைய கையிலும் ஊறியிருந்தது. அதோடு அவருக்குத் தொழில் நெறி வேறு. பேட்டரியைச் சார்ஜிலிருந்து கழற்றி வைப்பது அவருடைய அறையில் குற்றம். இறங்க இறங்க ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆதலால் வண்டி நின்ற நேரமெல்லாம் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து சார்ஜரில் மாட்டிவிடுவார்; அது கூடத்தில் முனகிக்கொண்டே இருந்தது.

நான் காலையில் அந்த அலமாரிக்கு முன்புதான் மணையில் அமர்ந்து ஓதுவேன். முழங்காலுக்கு அருகில் அந்த இரும்புப் பெட்டி வெதுவெதுவென்றிருக்கும். பாட்டு நாவில் ஓடும். செவி முனகலில் நிற்கும். சற்றே சுருதி ஏறியதுபோலத் தோன்றினால் போதும், ஓதுவதை நிறுத்தி, பேட்டரியின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். இது நேற்றைவிடச் சூடா, அல்லது என் கைதான் குளிர்ந்திருக்கிறதா என்று தெரியாது. தொலைக்காட்சியில் எங்கோ ஒரு வீட்டு வாசலில் மின்வண்டி எரிந்ததைக் காட்டினார்கள். அன்றைக்குப் பிறகு விளக்கேற்றத் தீக்குச்சி உரசும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இறைவனை நம்புகிறவளுக்கு இத்தனை அச்சம் ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவன் கையில் இருக்கும் தீயைப் பாடுவது எளிது. அது அவன் கையில் இருக்கிறது. கூடத்தில் இருப்பது யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பிரதோஷத்தன்று மண்டபத்தில் அமர்ந்திருக்கையில், பல ஆண்டுகளாக நான் தடுமாறாத ஓர் அடியில் நாக்கு நின்றுவிட்டது. வண்டியைத்தான் ஓட்டி வந்தோமே, சார்ஜர் வீட்டில் வெறுமனே இருக்கிறதா, சுவிட்ச் போட்டபடியே இருக்கிறதா என்ற எண்ணம் குறுக்கே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் அடியை எடுத்துக் கொடுத்தார். திரும்பும்போது அதைக் கணவரிடம் சொன்னேன். வயசாவுது இல்ல என்று சிரித்தார்.

மகள்தான் பேச்சை முடிவுக்குக் கொண்டுவந்தாள். வீடு தன் பெயரில் இருக்கிறது, நெருப்பு வந்தால் தன் வேலைக்கும் சேர்த்து வரும் என்று தந்தையிடம் ஒரே முறை சொன்னாள்.  அடுத்த நாள் ஆட்டோ வைத்துக்கொண்டு பேட்டரியோடு குறிஞ்சிப்பாடிக்குப் போனோம்.

கடைக்காரர் நாற்பதை ஒட்டியவர். முன்பு மோட்டார் பழுது பார்த்தவர். இப்போது லித்தியம் பேட்டரி கட்டுகிறார். மேசையில் ஒரு சிறிய சார்ஜரை எடுத்து வைத்தார். நடுவே விசிறி, ஓரத்தில் ஒரு விளக்கு. ஏறும்போது சிவப்பு, நிறைந்ததும் பச்சையாகித் தானே நின்றுவிடும் என்றார். என் கணவர் அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னாப்பா இருக்குது, காத்தா?"

"கரண்டுதாங்க."

"வெயிட்டே இல்லியே. இத நம்பி டீச்சரம்மாவ பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு போவணுமா நானு?"

"வெயிட்டு வேணும்னா ரெண்டு செங்கல் கட்டித் தரேங்க," என்றார் கடைக்காரர்.

நான் சிரிக்கவில்லை. வீட்டில் இருக்கும் கனமான சார்ஜரைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர் சற்றுத் தயங்கினார். எதைப் போட்டாலும் பரவாயில்லை, பேட்டரிப் பெட்டிக்குள் காப்புப் பலகை ஒன்று இருக்கிறது, அளவு மீறினால் அது துண்டித்துவிடும் என்றார்.

"அந்தப் பலகை துண்டிக்காம விட்டுட்டா?"

"அதெல்லாம் வுடாதுங்கம்மா." பிறகு கடைவாசலைப் பார்த்தபடி சொன்னார்: "வுட்டா கஷ்டந்தான்."

எதைப் போட்டாலும் ஆகும் என்றவரே கஷ்டம் என்றும் சொன்னார். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே என் வீடு இருந்தது. நான் சிறிய சார்ஜர்தான் வேண்டும் என்றேன். கணவர் மறுக்கவில்லை. கனமானது தோட்டத்துப் பக்கம் இருந்த சிறிய அறைக்குப் போயிற்று.

சில வாரங்கள் எனக்கு நல்ல உறக்கம் வந்தது. சிவப்பு விளக்கு எரியும், விசிறி இரையும். பச்சை வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அந்த மௌனத்தில் நான் மீண்டும் பழையபடி ஓதினேன். அவருக்கு மட்டும் அந்த மௌனம் பொறுக்கவில்லை. பச்சை விளக்கைக் குனிந்து பார்ப்பார். மனம் நிறையாதவர்போல எழுந்து போவார். இது முழுசா ஏத்தலயே, வாயில வெச்சிட்டுப் பிடுங்கிக்கிது என்று இரண்டொரு முறை சொன்னார். அதைக் குறையாக எடுத்துக்கொண்டேனே ஒழிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேட்டரி அறையில் பூஸ்ட் என்று ஒரு வழக்கம் உண்டாம். மாதத்தில் ஒரு நாள், நிறைந்திருக்கும் பேட்டரிகளுக்கு மேலும் அழுத்திச் சார்ஜ் ஏற்றுவார்கள். அமிலம் கொதிப்பதுபோலக் குமிழியிடும். சோம்பிக் கிடக்கும் செல்கள் எழுந்து மற்றவற்றோடு சமமாகும். அது முடிந்த பின்புதான் அறையைப் பூட்டுவார்கள். அமிலப் பேட்டரிக்கு அது மருந்து. லித்தியம் பேட்டரிக்கு அது என்ன என்பதை நாங்கள் அறிந்தது பிரதோஷத்துக்கு முந்தைய நாள் பிற்பகலில்.

நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணம் வந்தது. கருகும் மணம் அல்ல. அப்படி இருந்திருந்தால் உடனே எழுந்திருப்பேன். இனிப்பாக, கூர்மையாக, மகள் நகச்சாயம் அழிக்கப் பயன்படுத்தும் திரவம் போன்ற மணம். மகளோ ஷிப்டில் இருந்தாள். கத்தியைக் கீழே வைக்கும்போதுதான் அந்த முனகல் காதில் விழுந்தது. உம்மென்ற அதே ஒலி, கூடத்திலிருந்து.

கனமான சார்ஜர் மீண்டும் அலமாரிக்குக் கீழே வந்திருந்தது. பேட்டரியின் மூடி திறந்திருந்தது. காப்புப் பலகை துண்டித்துத் துண்டித்துத் தொல்லை கொடுத்ததால், அவர் அதைத் தாண்டி, கம்பிகளை நேராகச் செல்களின் முனைகளிலேயே கவ்வ விட்டிருந்தார். மீட்டரின் ஊசியைப் பார்த்தபடி நாற்காலியில் அமைதியாக அமர்ந்திருந்தார். அவரைச் சுற்றி அந்த மணம் நிறைந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

 சுவர் பிடித்து நடந்து சுவிட்சை அணைத்தேன். முனகல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாறுது," என்றேன்.

அவர் உடனே எழுந்தார். கவ்விகளைக் கழற்றினார். நடுவில் இருந்த இரண்டு செல்கள் விலா புடைத்துப் பக்கத்துச் செல்களைத் தள்ளிக்கொண்டிருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். அந்தப் பேட்டரிப் பெட்டியை அவர் மார்போடு அணைத்துத் தூக்கினார். வேண்டாம், வைத்துவிட்டு வெளியே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். கூடத்திலிருந்து பப்பாளி மரத்தடி வரை அவர் நடந்த அந்தச் சிறு தூரத்தில், அறிந்த நாமங்களுள் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மணலில் அதை வைத்துவிட்டு விலகி வந்து நின்றார். சட்டையின் முன்புறம் நனைந்திருந்தது. வியர்வைதான் என்று தொட்டுப் பார்த்த பிறகே மூச்சு விட்டேன்.

பெட்டி எரியவில்லை. மாலை வரை மணலில் கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்த மகள் அதையும் எங்களையும் பார்த்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தந்தையின் அருகில் படியில் அமர்ந்தாள். திட்டவில்லை.

"வயிறு நெறஞ்ச புள்ளைக்கு வாயப் பொளந்து ஊட்டுவியாப்பா?"

அவர் மணலில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, மகளிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்.

"கோயில்லேருந்து வரும்போது காடாம்புலியூர் தாண்டினா முந்திரித் தோப்பு. ரெண்டு பக்கமும் ஒரு வெளக்கு கெடையாது. லாரி போய்க்கினே இருக்கும். அங்க சார்ஜ் எறங்கி வண்டி நின்னுடுச்சின்னு வெச்சிக்க. ஒங்கம்மா நாலு எட்டு நடப்பாளா? எங்க தூக்கிக்கினு போவேன் நானு?"

இதை அவர் அதற்கு முன்பு சொன்னதில்லை. பேட்டரி அறைக் கதைகளுள் ஒன்றை மட்டும் பலமுறை கேட்டிருக்கிறேன். வெளியே எங்கோ மின்தொடரில் கோளாறு ஏற்பட்டு நிலையமே இருண்ட ஒரு நாள், அவர் காத்த பேட்டரிகளின் விளக்கொளியில்தான் எல்லாரும் படியிறங்கி வந்தார்களாம். அதற்கு முந்தைய நாள்தான் பூஸ்ட் கொடுத்திருந்தாராம். பெருமைக்குச் சொல்கிறார் என்றே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டும்போது வழியெல்லாம் அவர் முதுகு விறைத்திருந்ததற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது. சார்ஜ் நிற்காமல் ஏறினால் நான் அஞ்சினேன். நின்றால் அவர் அஞ்சினார். இரண்டு அச்சத்துக்கும் ஒரே சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுபடியும் குறிஞ்சிப்பாடிக்குப் போனோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் முகம் வெளுத்து, இரண்டு செல்களையும் கழற்றிக் கடைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார். பலகையைத் தாண்டிக் கவ்வி போட்டதைச் சொன்னபோது, நல்லகாலங்க என்றார். இந்த முறை கேள்விகளைக் கணவரே கேட்டார். ஏளனம் இல்லாமல், பணியில் இருந்த காலத்துக் குரலில். இந்தச் சார்ஜர் எந்த அளவில் நிற்கிறது, அந்த அளவை மாற்ற முடியுமா, யார் மாற்றுவது என்று கேட்டார். முடியும் என்றார் கடைக்காரர். உள்ளே ஒரு சிறு திருகு இருக்கிறதாம். முழு அளவில் நிறுத்தலாம். அல்லது சற்றுக் குறைவாகவே நிறுத்திவிடலாம். குறைத்து வைத்தால் செல்களுக்கு அழுத்தமில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி. ஆனால் போகும் தூரம் குறையும்.

"எப்பிடி வெக்கட்டுங்க?"

கணவர் என் பக்கம் திரும்பவில்லை. "கொறச்சே வைப்பா," என்றார்.

கனமான சார்ஜரைக் காயில் சுற்றுபவரே வந்து எடுத்துப் போனார். அதில் இருக்கும் செம்பு நல்ல செம்பு என்று போகும்போது சொன்னார், கணவர் தலையசைத்தார்.

அடுத்த பிரதோஷத்துக்குப் போனோம். போகும்போது வெயில் இருந்தது. வண்டி நன்றாக ஓடியது. மண்டபத்தில் அடி எதுவும் தவறவில்லை. தீபாராதனை முடிந்து கிளம்பும்போது இருட்டிவிட்டது. பண்ணுருட்டி நெரிசலைக் கடந்து சாலைக்கு வந்ததும் வழக்கம்போல மெல்லிய குரலில் ஓதத் தொடங்கினேன். அவருடைய தோளுக்கு மேலாகக் கைப்பிடியின் நடுவில் இருந்த சிறு திரை தெரிந்தது. அதில் மிச்சமிருக்கும் சார்ஜைக் காட்டும் எண் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பும் இறங்கியிருக்கும்; நான் பார்த்ததில்லை. காடாம்புலியூர் தாண்டியதும் அது இன்னும் விரைவாக இறங்குவதுபோல் இருந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். லாரி ஒன்று எங்களை உரசுவதுபோலக் கடந்தது. வண்டி காற்றில் ஆடியது. முந்திரி மரங்களுக்குள் ஒரு விளக்குகூட இல்லை.

"இன்னா சத்தத்தையே காணோம்? பாடு," என்றார்.

"எவ்ளோ காட்டுது?"

"அத்த பாக்காத. பாடு."

பாட முடியவில்லை. அவருடைய சட்டையைப் பற்றிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  இத்தனை பிரதோஷங்களிலும், இதே இருட்டில், என் பாட்டைக் கேட்டுக்கொண்டே அவர் தனியாக இதைப் பார்த்து வந்திருக்கிறார்.

நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டின் விளக்குகள் தெரிந்தபோது வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலை ஒருவாறு அடைந்தோம். அவர் இறங்கி, பேட்டரியைக் கழற்றி, வாசல் மேடையில் வைத்தார். ஆறட்டும், காலையில் போடலாம் என்றார்.

காலையில் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பிளக்கைச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மணையைப் போட்டு அமர்ந்தேன், ஓதத் தொடங்கவில்லை.

"அடுத்த தடவ குறிஞ்சிப்பாடிக்குப் போனா, அந்தத் திருகைக் கொஞ்சம் ஏத்தி வைக்கச் சொல்லுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எவ்ளோ?"

அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது; கீழே விசிறி இரைந்துகொண்டிருந்தது. எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.